எண்ணும் சொல்லும்

முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றியவள் நான். வினாக்களை அமைப்பதும், மாணவர் எழுதிய விடைகளைத் திருத்துவதுமே என் வாழ்க்கையாக இருந்தது. வினா செம்மையாக அமையாவிடில் விடையும் செம்மையாக அமையாது என்று எத்தனையோ ஆசிரியர் கூட்டங்களில் எடுத்துரைத்திருக்கிறேன். ஆயினும், அவ்வுண்மையின் முழுப் பொருளை நான் உணர்ந்தது பணி ஓய்வு பெற்ற பிறகுதான்.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் பழைய மாணவி ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பயின்றவள். ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் வரக்கூடுமா, எந்த அளவுக்கு வரக்கூடும் என்பதை மதிப்பிட்டுச் சொல்லும் இணையக் கணிப்பான் ஒன்றை அவளும் அவள் தோழியர் இருவரும் உருவாக்கிக் கொண்டிருந்தனர். ஆங்கிலத்திலும் மலாய்மொழியிலும் வினாக்கள் ஆயத்தமாகிவிட்டன. தமிழ் மட்டுமே எஞ்சியிருந்தது.

“டீச்சர், ஏழெட்டுக் கேள்விகள்தாம். தமிழில் எழுதித் தந்தால் போதும்” என்றாள்.

ஏழெட்டுக் கேள்விகள்! ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம் என்று எண்ணி ஒப்புக்கொண்டேன். ஐந்து மாதங்கள் ஆயின.

கணிப்பான் எவ்வாறு இயங்குகிறது என்பதை அவள் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். 1973இல் அமெரிக்காவில் தொடங்கிய பெருந்திட்டம் ஒன்றில் ஏறத்தாழ 280,000 பெண்கள் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டனர். அவர்களுள் ஒரு பகுதியினரைப் பற்றிய குறிப்புகளை ஆராய்ந்து, மிட்செல் கெயில் என்னும் புள்ளியியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1989இல் ஒரு வாய்பாட்டை வெளியிட்டனர். வயது, பூப்பெய்திய வயது, முதற் குழந்தையைப் பெற்ற வயது, தாய், உடன்பிறந்தாள், மகள் ஆகியோருள் இந்நோய் கண்டவர் எத்தனை பேர், மார்பில் முன்பு திசுப் பரிசோதனை செய்ததுண்டா என்பனவே அதன் அடிப்படை வினாக்கள். ஒவ்வொரு விடைக்கும் ஓர் எடை உண்டு. அவ்வெடைகளைப் பெருக்கி, அந்நாட்டில் அவ்வயதுப் பெண்களிடையே நோய் காணும் விகிதத்தோடு இணைத்து, வேறு காரணத்தால் இறக்க நேர்வதையும் கருத்திற்கொண்டு, இறுதியில் ஓர் எண்ணைத் தருகிறது வாய்பாடு. அவ்விகிதத்தை அறியப் புற்றுநோய்ப் பதிவகங்கள் வேண்டும். சிங்கப்பூரில் 1968 முதலே அத்தகைய பதிவகம் இருந்து வருகிறது. நம் மலேசியாவிலும் தேசியப் புற்றுநோய்ப் பதிவகம் அறிக்கைகளை வெளியிடுகிறது.

வாய்பாடு முதலில் வெள்ளையினப் பெண்களை வைத்தே அமைக்கப்பட்டது. 2011இல் ஆசிய வமிசத்து அமெரிக்கப் பெண்களுக்கென அதைத் திருத்தினார்கள். அப்போதும் சீனர், சப்பானியர், பிலிப்பினோ எனத் தனித்தனியே பிரித்தவர்கள், நம்மைப் போன்றவர்களை ‘மற்ற ஆசியர்’ என்னும் ஒரே கூட்டத்துள் அடக்கிவிட்டனர். “அதனால்தான் நம் ஊர்க் கணக்கை வைத்து நாமே செய்து பார்க்கிறோம், டீச்சர்” என்றாள் மாணவி. அவள் சொன்னதில் ஒரு தன்மானம் இருந்தது. எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது.

முதல் தடுமாற்றம் முடிவைச் சொல்லும் வாக்கியத்திலேயே நேர்ந்தது. அமெரிக்க மருத்துவ வழக்கில், அடுத்த ஐந்தாண்டுகளுக்கான எண் 1.67 விழுக்காட்டை எட்டினால் அதை உயர்நிலை என்பர். அதை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ‘உங்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.67 விழுக்காடு’ என்று எழுதினேன். எங்கள் தாமானில் குடியிருக்கும் மூதாட்டி ஒருவர் அதைப் படித்துவிட்டு, “வாய்ப்பு என்று நல்லதற்குத்தானே சொல்வார்கள்? வேலை வாய்ப்பு, படிப்பு வாய்ப்பு என்பது போல நோய் வாய்ப்பும் உண்டோ?” என்று கேட்டுச் சிரித்தார். ‘அபாயம்’ என்று மாற்றினேன். அடுத்துப் படித்த பெண் அச்சத்தோடு எழுந்துவிட்டார். ‘இடர்’ என்றேன், பலருக்கு விளங்கவில்லை. ‘நிகழ்தகவு’ கணித வகுப்புக்கு ஏற்ற சொல். அடுக்களையிலிருந்து கைதுடைத்துக்கொண்டு வந்து அமரும் பெண்ணிடம் அது பேசாது.

இறுதியில் சொல்லைத் தேடுவதை விட்டு வாக்கியத்தை மாற்றினோம். ‘உங்களைப் போன்ற 1000 பெண்களில், அடுத்த 5 ஆண்டுகளில் ஏறக்குறைய 17 பேருக்கு இந்நோய் வரலாம்; 983 பேருக்கு வராது.’ இரண்டு பாதிகளையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். முன்பாதியை மட்டும் சொன்னால் அச்சம் பிறக்கும். பின்பாதியை மட்டும் சொன்னால் அசட்டை பிறக்கும். முழுவதும் சொன்னால்தான் உண்மை பிறக்கும்.

பூப்பெய்திய வயதைக் கேட்கும் வினா பெண்களைக் கூசச் செய்யும் என்று அஞ்சினேன். அச்சம் வீணாயிற்று. சடங்கு சுற்றிய நாளும், மாமன் கொண்டுவந்த சேலையின் நிறமும், அவ்வாண்டு தோட்டத்தில் நடந்த திருவிழாவும் அவர்கள் நினைவில் பசுமையாக இருந்தன. பிறந்த தேதியைச் சரியாகச் சொல்ல இயலாத முதியவரும் இந்த வயதைத் தயக்கமின்றிச் சொன்னார்.

முதற் குழந்தையைப் பற்றிய வினாவோ நான் எதிர்பாராத இடத்தில் இடறியது. ‘உங்கள் முதற் குழந்தை பிறந்தபோது உங்கள் வயது என்ன?’ என்று கேட்டிருந்தேன். ஓர் அம்மையார் 24 என்று எழுதினார். பேச்சுவாக்கில், அதற்கு முன் 19 வயதில் ஓர் ஆண் குழந்தை பிறந்து நாற்பது நாளில் இறந்துவிட்டதைக் கூறினார். இறந்த பிள்ளையை எண்ணிக்கையில் சேர்ப்பது நம்மவர் வழக்கமன்று. கணக்குக்கோ அந்தப் பிள்ளையும் வேண்டும். ‘உயிரோடு பிறந்த முதற் குழந்தை, அது பின்னர்த் தவறியிருந்தாலும் அதையே குறிப்பிடுக’ என்று வினாவைத் திருத்தினேன். திருத்தி முடித்த பின்பும் நெடுநேரம் அந்த வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை உறவுப் பெயரில் விளைந்தது. ‘உங்கள் அக்காள் தங்கையருள் எத்தனை பேருக்கு இந்நோய் வந்தது?’ என்று நான் எழுதியிருந்தேன். ஒருவர் ‘2’ என்று விடையளித்தார். விசாரித்தபோது, ஒருத்தி பெரியப்பா மகள். மற்றொருத்தி சின்னம்மா மகள்! தமிழில் அவர்களும் அக்காள் தங்கையரே. அவ்வுறவை வேறு சொல்லால் பிரித்துப் பேசுவதை நாம் அன்பின்மை என்றே கருதுவோம். ஆனால், 1989ஆம் ஆண்டு அட்டவணையில் 20 வயதுக்கு முன் தாயான ஒருவருக்கு, நோய் கண்ட நெருங்கிய இரத்த உறவினர் எவரும் இல்லையெனில் எடை 1. ஒருவர் இருப்பின் 2.61, இருவரோ அதற்கு மேலோ இருப்பின் 6.80. நான் செய்த ஒரு சொற்பிழை அந்தப் பெண்ணின் எண்ணை ஏறக்குறைய ஏழு மடங்காக்கிவிட்டது! வகுப்பில் சொற்பிழைக்கு அரை மதிப்பெண் குறைத்தவள் நான். இங்கே என் பிழைக்கு யார், எதைக் குறைப்பது?

‘உங்களைப் பெற்ற தாய், உங்களோடு ஒரே வயிற்றில் பிறந்த சகோதரிகள், நீங்கள் பெற்ற மகள்கள்’ என்று விரித்து எழுதிய பிறகே அவ்வினா நேராயிற்று. அதற்காகப் பெரியப்பா மகளின் நோயைப் புறக்கணிக்கலாம் என்பதன்று. 2004இல் வெளிவந்த டைரர்-கியூசிக் வாய்பாடு போன்றவை அத்தை, பாட்டி முதலியோரையும் கணக்கிற் கொள்கின்றன. 1994இலும் 1995இலும் கண்டறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களில் நேரும் பழுது, தாய்வழி வருவது போலவே தந்தைவழியும் வரும். எங்கள் கணிப்பான் எளியது. எளிய கணிப்பானுக்கு எதைக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

இவ்வாறு வினாக்கள் செம்மையுற்றன என்று மனநிறைவு கொண்டிருந்த வேளையில், என் தங்கை என்னைப் பார்க்க வந்தாள். என்னைவிட ஆறு வயது இளையவள். விளையாட்டாகக் கணினியின் முன் அமர்ந்து விடைகளை நிரப்பத் தொடங்கினாள். நான் அவள் பின்னால் நின்றிருந்தேன். பெற்ற தாய், சகோதரிகள், மகள்கள் என்ற வினா வந்தது. சிறிதும் தயங்காமல் சுழியம் என்று இட்டாள்.

என் கைகள் நடுங்கின.

எங்கள் தாயார் பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1974இல் அவர் இறந்தபோது எனக்குப் பதினாறு வயது, தங்கைக்குப் பத்து. வயிற்று நோய் என்றே எல்லாரிடமும் சொல்லப்பட்டது. அது வயிற்று நோயன்று. மார்பில் தோன்றிய கட்டி புண்ணாகி, அந்தப் புண்ணை மறைக்கப் பழஞ்சேலையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, அதன்மேல் முழுக்கைச் சட்டையை அணிந்து, விடியற்காலையில் பெரட்டுக்குச் சென்று வந்தார். தோட்டத்து மருந்தகத்தில் இருந்தவர் ஆடவர். அவரிடம் காட்ட அம்மா உடன்படவில்லை. அந்தத் துணிகளைத் துவைத்தவள் நான். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “யாரிடமும் சொல்லிவிடாதே. வெளியில் தெரிந்தால் நாளைக்குத் தங்கச்சிக்கு மாப்பிள்ளை கிடைக்காது” என்றார்.

நான் சொல்லவில்லை. தங்கைக்குத் திருமணம் ஆயிற்று. இரண்டு பெண்கள் பிறந்தனர். அவர்களுக்கும் திருமணம் ஆயிற்று. மறைத்ததற்கான காரணம் என்றோ மறைந்துவிட்டது. மறைத்தல் மட்டும் பழக்கமாக என்னிடம் தங்கிவிட்டது. ஐந்து மாதங்களாக ஊரார் வீட்டு உண்மைகளை வெளிக்கொணரச் சொற்களைத் தேடியவள், என் வீட்டு உண்மையை நாற்பத்தெட்டு ஆண்டுகள் பூட்டி வைத்திருந்தேன்.

அன்று சொன்னேன். தங்கை அழுவாள், சினம் கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவள், “இது நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா, அக்கா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு திரையின் பக்கம் திரும்பிச் சுழியத்தை அழித்து, ஒன்று என்று இட்டாள். அவள் முதற் குழந்தையைப் பெற்றது 26 வயதில். ஆகவே அட்டவணையில் அவளுக்குரிய எடை 1.55இலிருந்து 2.76 ஆயிற்று. வாய்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது எங்கள் வீட்டுப் பேச்சு ஒன்றுதான்.

அடுத்த வாரம் தங்கையும் நானும் சேர்ந்தே மேமோகிராம் எடுத்துக்கொண்டோம். இருவருக்கும் குறை எதுவும் தென்படவில்லை. அவளுடைய பெண்களும் தத்தம் மருத்துவரிடம் பாட்டியின் நோயைப் பற்றிச் சொல்லிவிட்டனர்.

இதனால் கணிப்பானை நான் தெய்வவாக்காகக் கொள்கிறேன் என்று எண்ணிவிட வேண்டா. 1000 புள்ளிகளை வரைந்து, அவற்றுள் 17க்கு மட்டும் வண்ணம் தீட்டிக் காட்டியபோது ஒரு பெண், “இதில் நான் எந்தப் புள்ளி?” என்று கேட்டார். அதைவிடக் கூரிய வினாவை எந்த அறிஞரும் கேட்டிருக்க முடியாது. 2001இல் அமெரிக்கச் செவிலியரிடையே இந்த வாய்பாட்டைச் சோதித்து வெளியிட்ட முடிவை என் மாணவி காட்டினாள். மொத்தத்தில் எத்தனை பேருக்கு நோய் வரும் என்பதை அது பெரும்பாலும் சரியாகவே கணித்திருந்தது. ஆனால், நோய் வந்த ஒருத்தியையும் வராத ஒருத்தியையும் இணையாக நிறுத்தினால், வந்தவளுக்கு உயர்ந்த எண்ணைத் தந்தது நூற்றுக்கு 58 முறைதான். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 முறை சரியாக அமையுமே! கூட்டத்தைப் பற்றி அறிந்த கணக்கு, கூட்டத்துள் நிற்கும் தனியொருத்தியை அறியாது. எண் குறைவு என்று கட்டியைக் காட்டாமல் இருப்பதும் தவறு. எண் கூடுதல் என்று உறக்கத்தைத் தொலைப்பதும் தவறு. மருத்துவரிடம் பேசத் தொடங்குவதற்கு அது ஒரு முதல் வாக்கியம்; அவ்வளவே. கணிப்பானின் முகப்பில் அவ்வாறே எழுதி வைத்திருக்கிறோம்.

தமிழ் கற்பிக்கும் நண்பர்களுக்கும் கற்கும் இளையோருக்கும் ஒன்று சொல்வேன். அறிவியலைத் தமிழில் எழுதுவதென்றால் கலைச்சொல் ஆக்குவது மட்டுமே என்று நாம் கருதுகிறோம். அதைவிடக் கடினமான பணி ஒன்று உண்டு. நம் வீடுகளில் எதை எந்தப் பெயரால் அழைக்கிறார்கள், எதை அழைக்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பதை அறிந்து, அவர்கள் உண்மையைச் சொல்லும்படியான ஒரு வினாவை அமைப்பதே அது. அதைத் தமிழறிந்தவரன்றி வேறு யார் செய்வார்?

என் தாயாரிடம் அத்தகைய வினாவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் துணிந்து சொல்லவில்லை. ஆனால், அந்தத் துணிகளை நான் தனியாகத் துவைத்திருக்க மாட்டேன்.