கடைசிப் பொத்தான்

உங்களுக்கு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம். சட்டைக்குப் பொத்தான் போடத் தெரிந்தால் போதும், இந்த வாரம் நான் சொல்வது புரிந்துவிடும்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் 48 வீடுகள். சில வருஷம் முன்பு, ராத்திரியில் அவசரமாக ரத்தம் தேவைப்பட்டால் யாரைத் தட்டி எழுப்புவது என்று ஒரு பட்டியல் போடத் தீர்மானித்தோம். வீட்டுக்கு ஒருவர், கடைசியில் வாட்ச்மேன், ஆக 49 பேர். பெயர், போன், ரத்த வகை என்று செக்ரெட்டரி எக்ஸெல்லில் அடித்துக் கொடுத்தார். அதை ரத்த வகைப்படி பிரித்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். ஆனால், நமக்குத்தான் பைத்தான் தெரியுமே, சும்மா இருக்க முடியுமா?

மூன்று பத்தியையும் மூன்று லிஸ்ட்டாக எடுத்துக்கொண்டேன். நடுவே காலி வரி இருந்தால் அசிங்கம் என்று ஒரே அடியில் நீக்கினேன். அப்புறம் 'ஜிப்' என்று ஒரு கட்டளை. முதல் பெயர், முதல் போன், முதல் ரத்த வகை மூன்றையும் சேர்த்து ஒரு ரெக்கார்டு; இரண்டாவதுகளைச் சேர்த்து அடுத்தது. கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்தது. 48 வீடு, 48 ரெக்கார்டு. கணக்கு சரி!

மறுநாள் வாட்ச்மேன் வந்தார். "சார், என் பேரைக் காணோமே? வாட்ச்மேன் ரத்தம் வேணாம்னுட்டாங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உட்கார்ந்து பார்த்தேன். 17-ம் வீட்டுப் பெரியவருக்குத் தன் ரத்த வகை தெரியாது. செக்ரெட்டரி அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். நான் அதைத்தான் சுத்தம் செய்திருக்கிறேன். உடனே 18-ம் வீட்டு ரத்தம் 17-க்கு ஏறிவிட்டது, 19-ன் ரத்தம் 18-க்கு. சட்டையில் ஒரு பொத்தானைத் தப்பாக மாட்டினால் அதற்கப்புறம் எல்லாமே தப்பாகி, கடைசியில் ஒன்று மிஞ்சுமே, அதேதான். 32 பேருக்கு அடுத்தவர் ரத்த வகை. மிஞ்சிய பொத்தான், வாட்ச்மேன்.

ஜிப் ஏன் கத்தவில்லை என்கிறீர்களா? அதன் சுபாவம் அப்படி. எந்த லிஸ்ட் முதலில் தீர்கிறதோ அங்கேயே நின்றுவிடும். மிச்சத்தை மூச்சுக் காட்டாமல் கைவிட்டுவிடும். 2021-ல் வந்த பைத்தான் 3.10-ல்தான் இதற்கு 'ஸ்ட்ரிக்ட்' என்று ஒரு கடிவாளம் சேர்த்தார்கள். அதைப் போட்டால், நீளம் ஒத்துப்போகாத லிஸ்ட்டுகளைப் பார்த்ததும் பிழை என்று சொல்லி நின்றுவிடும்.

அதைவிட நல்ல வழி, வரிசையைப் பத்தி பத்தியாகப் பிய்க்காமல் ஆளுக்கு ஒரு வரியாக அப்படியே எடுப்பது. பெரியவரின் ரத்த வகைக் கட்டத்தில் 'நன்' என்று, அதாவது ஒன்றுமில்லை என்று, எழுதி வைப்பது. 'தெரியாது' என்பதும் ஒரு தகவல்தான். அதற்கும் ஓர் இடம் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் சோதிக்காமல் ரத்தம் ஏற்ற மாட்டார்கள், நிஜம். ஆனால், நடுராத்திரியில் தப்பான ஆளை எழுப்பி அழைத்துப் போய், அங்கே 'இவர் ரத்தம் சேராது' என்றால்? போன நேரம் திரும்பி வருமா?

அன்றே பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டினேன். அதில் ஓ நெகட்டிவ் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு பெயர். வாட்ச்மேன்.

பழைய தாளில் அந்த இடத்தில் 48-ம் வீட்டுக்காரர் பெயர் இருந்தது.