மலையும் நீரும் மறுபுறமும்

நிலக்காட்சி ஓவியத்தைச் சீனர் ‘சான்சுயி’ என்பர். மலை, நீர் என்னும் இரு சொற்களின் சேர்க்கை அது. எனினும், அம்மலை பெரும்பாலும் உள்ளத்தில் எழுந்த மலையே. சொங் பிங் (375–443) என்னும் அறிஞர் மூப்பும் பிணியும் மேலிட்டு மலையேற இயலாத நிலையில், முன்பு தாம் திரிந்த மலைகளை வீட்டுச் சுவர்களில் வரைந்து, படுத்தவாறே அவற்றினூடு உலாவினார் என்பது மரபு. பதினோராம் நூற்றாண்டினரான குவோ சியும், காண்போர் உட்புகுந்து வாழ விழையும் காட்சியையே உயர்ந்ததாகக் கொண்டார். எட்டாததை மீட்டுக்கொள்ளும் வேட்கை இக்கலையின் தோற்றத்திலேயே உண்டு எனலாம்.

இவ்வேட்கை அண்மைக் காலத்திற் பல்பொருள் ஒட்டுச்சித்திரமாகப் புத்துருப் பெற்றுள்ளது. 1955 இற் பிறந்த சூ பிங், 2004 இல் பேர்லினிலுள்ள கீழைத்தேயக் கலை நூதனசாலையில் ‘பின்னணிக் கதை’ என்னும் படைப்பைத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போரின் முடிவில் அந்நூதனசாலைச் சேகரிப்பின் பெரும்பகுதி சோவியத்துப் படையினராற் கொண்டுசெல்லப்பட்டது. இழந்த ஓவியங்கள் சிலவற்றின் ஒளிப்படங்கள் எஞ்சியிருந்தன. அவற்றைக் கொண்டே அவர் தம் காட்சிகளை அமைத்தார்.

முன்னே நிற்போர்க்குப் பனி சூழ்ந்த மலையும் மரமும் தோன்றும். ஆயின், மையும் தூரிகையும் அங்கில்லை. மங்கற் கண்ணாடியின் பின்னே காய்ந்த சுள்ளி, சணல்நார், கசங்கிய கடதாசி முதலியன ஒட்டப்பட்டு, அவற்றின்மீது விளக்கொளி பாய்ச்சப்பட்டிருக்கும். கண்ணாடியைத் தொடும் பொருள் கூரிய கோடாகவும், விலகிநிற்கும் பொருள் நீர் கலந்த மையின் கசிவாகவும் தெரியும். தூரிகையின் தொழிலை இங்குத் தொலைவு செய்கின்றது.

2011 இற் பிரித்தானிய நூதனசாலையில் வாங் சிமினின் 1654 ஆம் ஆண்டு ஓவியமொன்றை அவர் இவ்வாறே அமைத்தார். அங்கு மூல ஓவியம் நூதனசாலையின் உடைமையாகவே உள்ளது. நிழலை மூலத்தோடு ஒப்பிடல் கூடும். பேர்லினிலோ மூலம் இருந்த இடம் வெறுமையாயிற்று. நிழல் மட்டுமே காட்சிக்குக் கிடைத்தது.

இது கண்ணை ஏய்க்கும் வித்தையன்றோ எனச் சிலர் வினவக்கூடும். வித்தைக்காரன் மறுபுறத்தை மறைப்பான். சூ பிங்கோ பார்வையாளர் பின்னே சென்று குப்பையைக் காண வழிவிடுகின்றார். கண்டவர் மீண்டும் முன்னே வந்தால், மலை மறைந்துவிடுவதில்லை. சுள்ளியென அறிந்தபின்னும் கண் அதனை மரமாகவே காண்கின்றது. தலைமுறைகள் பயிற்றிய பார்வை அத்துணை வலிது.

பறிபோன ஓவியத்தை இப்படைப்பு மீட்டுத் தரவில்லை. மீட்டதாகப் பாசாங்கு செய்யவுமில்லை. பொருள் பறிபோன பின்னரும் பார்க்கும் முறை எஞ்சியிருத்தல் கூடும் என்பதை அது காட்டுகின்றது. அம்முறையையும் இழந்த சமூகத்துக்கு, மூல ஓவியமே திரும்பி வரினும், அது மைபடிந்த பட்டுத்துணியாகவே தோன்றும்.