மருதாணி அழியுமா?

மருதாணி நன்றாகப் பற்றுவதற்கு வழி சொல்வோர் பலர் உளர். பற்றியதை அகற்ற வழி கேட்போர் மிகச் சிலரே. அச்சிலருள் நானும் ஒருத்தி.

திருமணமாகி, விசயநகர அரசர்களின் கோட்டை நிற்கும் சந்திரகிரிக்கு நான் குடிவந்த புதிது. தெலுங்கர் மருதாணியைக் 'கோரிண்டாகு' என்பர். ஆஷாட மாதத்தில் பெண்கள் அதனை விரும்பி இட்டுக்கொள்வர். பக்கத்து வீட்டு அம்மையார் தம் கொல்லையில் பறித்த இலையை அரைத்து, என் இரு கைகளிலும் அப்பிவிட்டார். மொழி பழகாத ஊரில் எனக்குக் கிடைத்த முதல் உறவு அது. மறுநாள் காலை கைகள் பவளமெனச் சிவந்திருந்தன. அன்று பிற்பகல் தந்தி வந்தது. வேலூரில் என் தந்தையார் காலமாகிவிட்டார்.

சிவந்த கையோடு துக்க வீட்டினுள் எவ்வாறு நுழைவது? புளி, உப்பு, எலுமிச்சை, சலவைச் சோடா என்று கிட்டியதையெல்லாம் இட்டுத் தேய்த்தேன். தோல்தான் புண்ணாயிற்று, சிவப்புப் போகவில்லை. அம்மையார் ஓடிவந்து என் கைகளைப் பற்றினார். "தேய்க்காதே அம்மா, அது தானே போகும்" என்று தெலுங்கும் தமிழும் கலந்து சொல்லி, நல்லெண்ணெய் தடவிவிட்டார்.

அவர் சொன்னது உண்மை என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். இலையிலுள்ள லாசோன் என்னும் சாயம் தோலின் கெரட்டின் புரதத்தோடு பிணைந்துவிடுகிறது. மேல்தோலின் உயிரற்ற செல்கள் உதிர உதிரவே நிறமும் உதிரும். அதற்கு 1 முதல் 3 வாரம் ஆகும். எண்ணெயும் வெதுவெதுப்பான நீரும் சிறிது விரைவுபடுத்தலாம். வேறு மாயம் இல்லை. இக்காலத்தில் 'கறுப்பு மருதாணி' என்று இடப்படுவதோ வேறு. முடிச்சாயத்தில் சேரும் பாராபினைலீன்டையமின் அதில் கலந்திருக்கக்கூடும். அதனால் சிலருக்குத் தோல் கொப்பளிக்கும். அப்போது தேய்த்தல் கூடாது. மருத்துவரிடம் காட்டுதலே முறை.

வேலூரில் உறவினர் சிலர் என் கைகளைப் பார்த்து முணுமுணுத்தனர். தாயார் மட்டும் அவற்றைத் தம் முந்தானையால் மூடிக்கொண்டு, "அப்பாவுக்குப் பிடித்த சிவப்பாயிற்றே, ஏனடி தேய்த்தாய்?" என்றார்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்தபோது உள்ளங்கை வெளுத்திருந்தது. நகங்களில் மட்டும் சிவப்பு எஞ்சி நின்றது. நகம் வளர வளர அதுவும் நுனிக்கு நகர்ந்தது. சில மாதங்கள் கழித்துச் சந்திரகிரியில், அந்த இறுதிப் பிறையை வெட்டியெறிய எனக்கு மனம் வரவில்லை.