சிறுவிடையும் பெருவிடையும்



ஓய்வு பெற்றபின் கொல்லையில் கோழி வளர்க்கிறேன்: சிறுவிடை ஒன்று, பெருவிடை இரண்டு. பெருவிடைக்குத்தான் சந்தையில் விலை. தீனியும் அதற்கே முதலில்.

போன தையில் அடைக்கு உட்கார்ந்த பெருவிடை, மறுநாளே தன் கனத்தால் நாலு முட்டையை மிதித்து உடைத்துவிட்டது. மீதி ஏழையும், அடைக்கு வந்திருந்த சிறுவிடைக்கு வைத்தேன். அந்தச் சின்ன இறக்கைக்குள் அடங்குமா என்று பயம். தீனிக்கு எழுந்தாலும் உடனே ஓடிவந்து உட்கார்ந்துகொள்ளும். 21ஆம் நாள் ஆறு குஞ்சுகள்! இப்போது தாயின் உயரத்துக்கே வந்துவிட்டன. இன்னும் அதன் பின்னால்தான் போகின்றன.

1994இல் ஐந்தாம் வகுப்பில், "இத்தனூண்டு பிள்ளை சொன்னால் யார் கேட்பார்கள்?" என்று ஒருத்தியை லீடராக்க மறுத்தேன். அவள் அழுதாள்.

இதைப் படித்தால், கண்ணு, டீச்சரை மன்னித்துவிடு.