ஊர்ப்பெயரும் என் பெயரும்

என் பெயர் எழில். தில்லியில் நான் பயின்ற பள்ளியில் அனைவரும் என்னை ‘எசில்’ என்றே அழைத்தனர். திருத்தித் திருத்திச் சலித்த நான், வேறு பெயர் சூட்டுமாறு தந்தையிடம் வேண்டினேன்.

அவர் நிலப்படத்தை விரித்து, இத்தாலியின் மேற்குக் கரையிலுள்ள லிவோர்னோ துறைமுகத்தைக் காட்டினார். “இதற்கு லிகோர்னா என்ற வடிவமும் உண்டு. ஆங்கிலேயர் நாவில் அது ‘லெக்ஹார்ன்’ ஆயிற்று. அங்கிருந்து சென்ற வைக்கோல் தொப்பிக்கும் கோழி இனத்துக்கும் அதுவே பெயர். நம் நாட்டுப் பண்ணைகளிலும் ‘வெள்ளை லெக்ஹார்ன்’ உண்டு. அது ஓர் ஊரின் பெயர் என்பதைப் பலர் அறியார். ஆயினும் அவ்வூரார் லிவோர்னோ என்பதைக் கைவிடவில்லை. இன்று ஆங்கில நிலப்படங்களும் அவ்வாறே எழுதுகின்றன” என்றார்.

தூத்துக்குடியில் பிறந்த அன்னை, “எங்கள் ஊரும் ‘டூட்டிகோரின்’ ஆனதே!” என்று நகைத்தார்.

மறுநாள் வகுப்பில் என் பெயரைக் கரும்பலகையில் எழுதி, ழகரத்தை ஒலித்துக் காட்டினேன். தோழி ஒருத்தி மூன்றாம் முறை பிழையின்றிக் கூறினாள். ஏனையோர் இறுதிவரை ‘எசில்’ என்றே அழைத்தனர். அழைத்தபோது மறுமொழி தந்தேன். என் பெயரைக் கூறும்போது மட்டும் ‘எழில்’ என்றே கூறினேன்.

மாணவர்களே, உங்கள் பெயரை நீங்கள் எவ்வாறு கூறுகிறீர்கள்?