இரண்டு அங்குலம்

என் உடுப்புகளை உம்மாவைத் தவிர வேறு எவரும் தைத்ததில்லை, மதுரையில் தைத்த ஒரேயொரு ஷல்வாரைத் தவிர. மட்டக்குளியில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் பலருடைய பாடசாலைச் சீருடையும் உம்மாவின் மெஷினில்தான் தைபடும். அந்த உம்மாவுக்கு 2019 இல் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனது. சீனி வருத்தத்தோடு இரண்டு கண்ணிலும் புரை.

கொழும்பிலேயே கண் ஆஸ்பத்திரி இருக்க ஏன் மதுரை என்று கேட்காதவர் இல்லை. சாச்சி அங்கே அரவிந்த் கண் மருத்துவமனையில் சத்திரசிகிச்சை செய்து சுகமாக வந்திருந்தார். உம்மாவுக்கு அது போதும். 1976 இல் டொக்டர் வெங்கடசாமி 11 கட்டில்களோடு தொடங்கிய இடம் அது. டிசம்பர் விடுமுறையில் வாப்பா, உம்மா, நான் மூவரும் புறப்பட்டோம். கட்டுநாயக்காவில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பயணம்தான்.

சத்திரசிகிச்சைக்கு முன் மூன்று நாட்கள் சும்மா இருந்தன. தையல்காரிக்கு ஊர் பார்ப்பது என்றால் துணிக்கடை பார்ப்பதுதானே. மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம் இருக்கிறது. பெயர்தான் புது. திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. செதுக்கிய கற்றூண்களுக்கு நடுவே வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள். வெள்ளைக்காரர் தாம் போட்டிருக்கும் காற்சட்டையைக் காட்டி, அதைப்போல் இன்னொன்றை ஓரிரு மணித்தியாலத்தில் தைத்து வாங்கிப் போவார்களாம். சித்திரைத் திருவிழாவில் வேடம் போடுபவர்களுக்கான உடுப்பும் அங்கேதான் தயாராகும். தைப்பவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். (இப்போது அந்தக் கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.)

தொப்பி போட்ட ஒரு பெரியவரிடம் போய், "நாநா, மகளுக்கு ஒரு சட்டை தைக்கோணும்" என்றார் உம்மா. அவர் என்னை ஒருமுறை பார்த்தார், வாப்பாவை ஒருமுறை பார்த்தார். "சட்டை யாருக்கும்மா, பாய்க்கா?" அங்கே சட்டை என்றால் ஆண்கள் போடுவது. எங்களுடைய ஷல்வார் அவர்களுக்குச் சுடிதார். சிரித்துக்கொண்டே விளங்கிக்கொண்டோம்.

துணி, சுங்குடி. சௌராஷ்டிரப் பெண்கள் துணியில் சின்னச் சின்ன முடிச்சுகள் போட்டுச் சாயம் தோய்ப்பார்கள். முடிச்சு அவிழ்ந்த இடமெல்லாம் வெள்ளைப் பொட்டு. நான் மெரூன் நிறம் எடுத்தேன். பெரியவர் அன்றே தைத்துத் தருவதாகச் சொல்லியும் உம்மா விடவில்லை. பருத்தித் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும், முதலில் ஊறப் போட்டுக் காயவைத்த பிறகுதான் கத்தரி வைக்கலாம் என்றார். அன்றிரவு விடுதி வாளியில் உப்புத் தண்ணீரில் துணியை ஊறவைத்தது நான்தான்.

வேற்று ஆண் என்னை அளப்பது சரிவராது. ஆகவே விடுதி அறையில் உம்மாவே டேப்பைப் பிடித்தார். இலக்கம் அவருக்குத் தெரியவில்லை. வாசிப்பதும் கடதாசியில் எழுதுவதும் என் வேலை. தோள், கை, நீளம் எல்லாவற்றையும் ஒழுங்காகவே சொன்னேன். இடுப்பு வந்ததும் டேப் 34 என்றது. நான் 32 என்றேன்.

உம்மா எப்போதும் எனக்குத் தொளதொளவென்றுதான் தைப்பார். வகுப்பில் மற்றவர்களுடைய உடுப்பு அப்படி இருக்காது. வாழ்க்கையில் ஒருமுறை கடையில் தைக்கிற உடுப்பாவது பிடிப்பாக இருக்கட்டுமே என்று நினைத்தேன். கண் தெரியாத உம்மாவிடம் பொய் சொல்கிறோம் என்பது அந்த நேரம் மனதில் படவில்லை என்று எழுதலாம். ஆனால் பட்டது.

"32?" என்று கேட்டார். "ம்" என்றேன்.

மறுநாள் துணியைக் கொடுத்தபோது, தூணிலிருந்த கல் யாளியைப் பார்த்துக்கொண்டு தள்ளி நின்றேன். உம்மா பெரியவரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார்.

கண்கட்டு அவிழ்த்த அன்று நான் அந்த ஷல்வாரைத்தான் உடுத்தியிருந்தேன். உம்மா என் முகத்தைப் பார்க்குமுன் தையலைப் பார்த்தார். "நல்ல கை" என்றார். அவ்வளவுதான். இருந்தால் இழுத்துப் பிடிக்கும் என்று நானும் சொல்லவில்லை.

2020 ஒக்டோபரில் மட்டக்குளியில் தனிமைப்படுத்தல் ஊரடங்கு. வீட்டில் அடைபட்டிருந்த நாளொன்றில் அதைப் போட்டுப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே இறங்கவில்லை. உம்மா வாங்கி உட்பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். இரு பக்கத் தையலுக்குள்ளும் தாராளமாகத் துணி மடித்து விடப்பட்டிருந்தது.

"நான்தான் அந்த நாநாகிட்ட விடச் சொன்ன" என்றார். "மதுரையிலயே 34 தானே?"

நான் பேசவில்லை.

"இலக்கம் தெரியாட்டியும் என்ட கைக்கு உன்ட அளவு தெரியாதா?"

ஜன்னல் பக்கம் திரும்பி, ஒரே தடவையில் ஊசியில் நூலைக் கோர்த்தார். பிறகு கத்தரியை என் கையில் தந்து, மற்றப் பக்கத் தையலைப் பிரிக்கச் சொன்னார்.