வசந்தத்தில் எமக்குப் பிடித்தவை: மருதாணி முதல் செஞ்சிக்கோட்டை வரை



ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் பதினொரு நாள்கள் குறைவு. ஆகவே நோன்பும் பெருநாளும் ஒரே பருவத்தில் நிலைத்து நிற்பதில்லை. ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு முறை சுற்றி வருகின்றன. 1993ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் மார்ச் மாதத்தில் வந்தபோது எமக்குப் பன்னிரண்டு வயது. இவ்வாண்டு அதே பெருநாள் மீண்டும் பங்குனிக்கே வந்து சேர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ், ஒரு சுற்றைக் கண்டுவிட்டோம்.

பங்குனி பிறந்தால் திருவண்ணாமலையில் வெயில் ஏறத் தொடங்கும். ஆனால் காலைப் பொழுதுக்கு இன்னும் ஓர் இதம் இருக்கும். வேம்பு பூக்கும். புங்க மரங்கள் துளிர்க்கும். தர்பூசணிக் குவியலும் வெள்ளரிப்பிஞ்சுக் கூடைகளும் தெருவோரங்களுக்கு வரும்; பின்னாலேயே நுங்கு வண்டியும் வரும். பௌர்ணமியன்று பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூட்டம் நிரம்பி வழியும். அன்று மட்டும் மாலை மதரஸாவுக்குப் பிள்ளைகளைச் சற்று முன்னதாக வரச் சொல்லி, முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். இவ்வூரில் வாழும் நம் குடும்பங்களின் நாட்காட்டியில் பிறையும் உண்டு, பௌர்ணமியும் உண்டு.

பெருநாள் முடிந்து ஷவ்வால் மாதம் மதரஸா மீண்டும் திறந்தபோது, பெண் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டோம். பெருநாளுக்கு நீங்கள் அழகுபடுத்திக்கொள்ளப் பயன்படுத்தியவற்றில் பிடித்த ஒன்றைக் கொண்டுவாருங்கள். அதைப் பற்றிப் பேசுவோம் என்றோம். அழகை அல்லாஹ் விரும்புகிறான் என்பது நபிமொழி நமக்குத் தந்த செய்தி. தூய்மையும் அலங்காரமும் தீனுக்கு வெளியே உள்ளவை அல்ல என்பதைப் பிள்ளைகள் உணர வேண்டும் என்பதே எமது நோக்கம்.

முதலில் வந்தது மருதாணி. ஒரு பிள்ளை தன் வீட்டு மரத்திலிருந்து இலையே பறித்து வந்துவிட்டாள். கொட்டைப்பாக்கும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அம்மியில் அரைத்து, இரவெல்லாம் கையில் வைத்திருந்தால் காலையில் செம்மஞ்சளாய்த் தெரியும். ஓரிரு நாளில் கருஞ்சிவப்பாய் முதிரும். இலையின் இயல்பான நிறம் அதுதான். சில நிமிடங்களிலேயே கன்னங்கரேலென்று பிடிக்கும் கூம்பு மருதாணியில், தலைச்சாயத்தில் சேர்க்கும் பாராபெனிலின்டையமின் என்னும் வேதிப்பொருள் கலந்திருக்கக்கூடும். அது சிலருக்குக் கொப்புளத்தையும் தழும்பையும் உண்டாக்கும். இன்னொரு பிள்ளை ஒளுவைப் பற்றிக் கேட்டாள். மருதாணியின் நிறம் தோலில் ஊறிய சாயம் மட்டுமே, தண்ணீரைத் தடுக்காது. நகப்பூச்சு நகத்தின் மேல் ஒரு படலமாய் நிற்பதால் தடுக்கும். அதை அகற்றிவிட்டே ஒளுச் செய்ய வேண்டும்.

அடுத்தது சுர்மா. இஸ்மித் என்னும் அஞ்சனக்கல்லைக் கண்ணுக்கு இடுமாறு நபி (ஸல்) அவர்கள் பரிந்துரைத்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஆயினும் இன்று கடைகளில் சுர்மா என்று விற்கப்படும் பலவற்றில் இருப்பது ஈயச் சேர்மம் என்று பல நாடுகளின் சோதனைகள் காட்டியுள்ளன. ஈயம் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. எனவே பச்சிளங் குழந்தையின் கண்ணில் சுர்மா தீட்டும் வழக்கத்தைத் தாய்மார்கள் விட்டுவிட வேண்டும். சுன்னத்தை நேசிப்பது, அதன் பெயரில் எதை விற்றாலும் வாங்குவதாகாது.

பிறகு அத்தர் குப்பிகள் வந்தன. ஒரு சிமிழ் ஜவ்வாதுப் பொடி வந்தது. நறுமணம் அன்பளிப்பாகத் தரப்பட்டால் நபி (ஸல்) அவர்கள் மறுத்ததில்லை என்பதைப் பிள்ளைகளே சொன்னார்கள். வீட்டுக்குள் பூசி மகிழ வேண்டிய மணம் எது, வெளியே செல்லும்போது பெண்கள் தவிர்க்க வேண்டியது எது என்பதையும் நினைவூட்டினோம். ஒரு பிள்ளை நுங்கைக் கொண்டுவந்து, வியர்க்குருவுக்கு அதன் நீரைத் தடவுவாள் தன் நன்னி என்றாள். பாதியை முகத்தில் தடவி, மீதியை எல்லோரும் தின்றோம்.

கடைசியாகப் பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தி ஒரு சின்ன டப்பாவைத் துப்பட்டாவுக்குள்ளிருந்து எடுத்தாள். வெளுப்பூட்டும் களிம்பு. மூடியில் ஒரு வெள்ளை முகம். தயாரித்தவர் முகவரி இல்லை, உரிம எண் இல்லை, சேர்மானப் பட்டியல் இல்லை. பிள்ளையின் கன்னம் ஓரிடத்தில் வெளுத்தும் ஓரிடத்தில் சிவந்தும் இருந்தது.

"இதை ஏன் அம்மா வாங்கினாய்?" என்று கேட்டோம்.

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "ஆபா, நீங்கதானே நோன்புக்கு முன்னாடி, வெயில்ல அலைஞ்சு கறுத்துப் போயிட்டியேன்னு சொன்னீங்க."

நாம் அதைச் சொல்லியிருந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும் பிள்ளையிடம், நலம் விசாரிப்பதைப் போல, சிரித்துக்கொண்டே சொன்ன சொல். சொன்னதை நாம் மறந்தும் விட்டோம். அவள் மறக்கவில்லை. பெருநாள் காசை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போயிருக்கிறாள்.

இருபது ஆண்டுகளாக நாம் பிள்ளைகளுக்கு அபூதர் (ரழி) அவர்களின் நிகழ்ச்சியைக் கற்பித்து வருகிறோம். ஒருவரை அவருடைய தாயைக் கொண்டு இழிவுபடுத்தியபோது, உம்மில் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் இருக்கிறது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அவரைக் கண்டித்தார்கள். இழிவுபடுத்தப்பட்டவர் பிலால் (ரழி) அவர்களே என்று சில அறிவிப்புகள் கூறுகின்றன. அப்பாடத்தை நடத்திய அதே வாயால்தான் அச்சொல்லையும் சொன்னோம். அன்று பிள்ளைகள் எல்லோரும் இருக்கையிலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. எமக்கு அந்த வெட்கம் நெடுநாள் முன்பே வந்திருக்க வேண்டும்.

மறுநாள் அவளுடைய தாயாருடன் தோல் மருத்துவரிடம் சென்றோம். மருத்துவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு விளக்கினார். இவ்வகைக் களிம்புகளில் பாதரசமோ வீரியமிக்க ஸ்டீராய்டோ இருக்கலாம். பாதரசம் தோலில் கருநிறமியான மெலனின் உருவாவதைத் தடுக்கும். அதனால்தான் சில வாரங்களில் முகம் வெளுத்தாற்போல் தோன்றுகிறது. ஆனால் அது தோல் வழியே உட்சென்று சிறுநீரகத்தில் தேங்கும். பூசியவர் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினால் குழந்தைக்கும் ஒட்டும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், சிறுநீரில் புரதம் வெளியேறும் நோயுடன் வந்தவர்களில் பலர் இத்தகைய களிம்பைப் பூசியவர்கள் என்பதை 2023இல் அங்குள்ள மருத்துவர்கள் கண்டறிந்த செய்தியை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள், முகப்பூச்சுகளில் பாதரசம் சேர்ப்பதை அனுமதிப்பதில்லை; தற்செயலாகக் கலந்ததும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. விதி இருக்கிறது. டப்பாவும் கடையில் இருக்கிறது.

அல்லாஹ்வின் அருளால் சிறுநீர்ப் பரிசோதனையில் குறை ஏதும் இல்லை. களிம்பை நிறுத்தியபின் முகம் முன்னிலும் கறுத்துச் சிவந்தது. அப்படித்தான் சில மாதங்கள் இருக்கும், பொறுமை வேண்டும், வெயிலில் குடை பிடிக்க வேண்டும் என்றார் மருத்துவர். அந்தப் பொறுமையை அவள்தான் சுமக்கிறாள்.

அவளுக்காகவே ஒரு நாள் பயணம் போகலாம் என்று தோன்றியது. அவளுக்காக என்று யாரிடமும் சொல்லவில்லை. பதினொரு பிள்ளைகள், மூன்று தாய்மார்கள், ஒரு வேன். புளிச்சோறும் அவித்த முட்டையும் நிறையத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, ஃபஜ்ர் தொழுத கையோடு செஞ்சிக்குப் புறப்பட்டோம். திண்டிவனம் சாலையில் நாற்பது கிலோமீட்டர் அளவே இருக்கும். வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் ஒருத்தி கேட்டாள்: "ஆபா, இன்னிக்கு கஸ்ரு தொழலாமா?" சுமார் எண்பது கிலோமீட்டர் தொலைவு சென்றால்தான் அந்தச் சலுகை, இன்று நான்கு ரக்அத்துதான் என்றதும் வண்டியே சிரித்தது.

செஞ்சிக்கோட்டை மூன்று குன்றுகளை வளைத்து நிற்பது. மராத்தியப் படைத்தளங்களுள் ஒன்றாக 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. 1677இல் சிவாஜியும் 1698இல் முகலாயரும் இதைக் கைப்பற்றினர். ராஜகிரியின் அடிவாரத்தில் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான் 1717–18இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது; அதில் பாரசீகக் கல்வெட்டுகள் உண்டு. அந்நவாபின் படையை எதிர்த்து 1714இல் வீழ்ந்தவரே தேசிங்கு ராஜா. அவருடைய உயிர்த்தோழர் மகபத்கான் தம் திருமணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து, அவருக்காகப் போரிட்டு மடிந்தார் என்று நாட்டுப்புறக் கதைப்பாடல் கூறுகிறது.

"நவாபும் முஸ்லிம், மகபத்கானும் முஸ்லிம். அப்புறம் ஏன் ஆபா ராஜா பக்கம் நின்னார்?" என்று கேட்டாள் ஒருத்தி. கொடுத்த வாக்கும் உண்ட உப்பும் அமானிதம் என்று அவர் கருதியிருக்கலாம் என்றோம். பள்ளிக்கூடத்தில் தன் பக்கத்து இருக்கைத் தோழியின் பெயரைச் சொல்லி, "அவளுக்காக நானும் போவேன்" என்றாள். கோயில் நகரத்தில் வளரும் பிள்ளைக்கு இக்கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

லுஹரை மரநிழலில் தொழுதோம். சோற்றுப் பொட்டலங்களுக்குக் குரங்குகள் காவல் இருந்தன. முட்டைகளில் இரண்டைப் பறிகொடுத்தோம். ராஜகிரியில் முழுவதும் ஏற எம் முழங்கால் இடம் தரவில்லை. பாதிப் படியில் அமர்ந்துவிட்டோம். குடையுடன் அந்தப் பிள்ளையும் பக்கத்தில் அமர்ந்தாள். நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

"பிலால் (ரழி) அவங்க கஅபா மேல ஏறி பாங்கு சொன்னப்போ வெயிலா இருந்திருக்குமா ஆபா?"

"லுஹர் நேரம் என்றுதான் வரலாற்றில் இருக்கிறது அம்மா. வெயில் இருந்திருக்கும்."

அவள் குடையைச் சற்றுச் சாய்த்து எமக்கும் நிழல் வருமாறு பிடித்துக்கொண்டாள்.

தாய்மார்களே, இப்பருவத்தில் நீங்கள் செய்ய வேண்டியவை மூன்று. பிள்ளைகளின் அலமாரியில் இருக்கும் டப்பாக்களை எடுத்துப் பாருங்கள். தயாரித்தவர் முகவரி, உரிம எண், சேர்மானம் ஆகியவை இல்லாததைப் பயன்படுத்த விடாதீர்கள். பெண் பார்க்க வரும் இடத்திலும் குழந்தை பிறந்த வீட்டிலும் நிறத்தைப் பற்றிய பேச்சை நீங்கள் தொடங்காதீர்கள். பிறர் தொடங்கினால் பேச்சை மாற்றுங்கள். ஒரு நாளேனும் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று, அவர்கள் பக்கத்தில் பேசாமல் அமர்ந்திருங்கள். அவர்களே பேசுவார்கள்.

நம் நாவினால் எவருடைய உள்ளமும் காயப்படாதிருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன். அந்தப் பிள்ளையின் முகம் குணமாக நீங்களும் துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.